குப்பனுக்கும் குப்புசாமிக்கும் நடுவில்



நம்மோடு களத்தில் நின்ற பலருக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை பிறக்கும் வயது. "பையன் பொறந்திருக்கான், நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க" என்று மாதத்துக்கு ஒரு அழைப்பாவது வருகிறது. நாம் வாயைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு பட்டியலையும் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பேருந்து நிலையக் கடையில் வாங்கிய 'ஆண் குழந்தைப் பெயர்கள்' புத்தகத்திலிருந்தோ, கைப்பேசியில் தேடியோ எடுத்த பட்டியல். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் பொருள். ஆதித்யா என்றால் சூரியன். விக்ரம் என்றால் வீரம். அர்ஜுன் என்றால் வெண்மையானவன்.

இந்தப் புத்தகங்களை நாம் புரட்டிப் பார்த்திருக்கிறோம். நம் தாத்தாக்களின் பெயர்கள் எதிலும் இல்லை. குப்பன் இல்லை, சின்னான் இல்லை, மூக்கன் இல்லை. பிச்சை, அமாவாசை, காத்தான், இருளன், மண்ணாங்கட்டி யாரும் இல்லை. இந்தப் பெயர்களைச் சொன்னால் நம் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். பொருளே இல்லாத பெயர்கள் என்று நினைக்கிறார்கள். பொருள் நிறையவே இருக்கிறது. ஆனால் அதை அகராதியில் தேட முடியாது. பெயரை யார் வைத்தார்கள், யார் எப்படிக் கூப்பிட்டார்கள், யார் எழுதினார்கள் என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்.

குப்பனில் இருந்தே தொடங்குவோம். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். உறவுக்காரப் பெண்ணோ பக்கத்து வீட்டுக்காரியோ அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்து, தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கிக்கொள்வாள். இது யாரோ வீசிப்போனது, தவிட்டு விலைக்குக்கூடக் கஷ்டம், இதை எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று சாவுக்குச் சொல்லும் தந்திரம் அது. பிழைத்த பையனுக்குக் குப்பன் என்று பேர். வாசல் வாசலாக ஏந்தி வேண்டிப் பெற்றதாகச் சொல்லப்பட்டவன் பிச்சை. மூத்ததெல்லாம் போன பிறகு பிறந்து மூக்கில் துளை போடப்பட்டவன் மூக்கன். அம்மை, காலரா, பஞ்சம் என்று எது வந்தாலும் முதலில் சேரியில்தான் பாடை கட்டுவார்கள். அந்தக் காலத்தில் ஒரு தாய் தன் மகனுக்குக் கொடுக்க முடிந்த ஒரே காப்பு இந்தப் பெயர்தான். குப்பன் என்ற பெயருக்குப் பொருள் எழுதச் சொன்னால், 'நீ மட்டுமாவது உயிரோடு இரு' என்று எழுதலாம்.

இந்த வழக்கம் சேரிக்கு மட்டும் உரியதல்ல. பிள்ளை சாகும் பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. சென்னையில் புகழ்பெற்ற சமஸ்கிருத அறிஞர் ஒருவர் இருந்தார், 1880இல் பிறந்து 1943இல் மறைந்தவர். அவர் பெயர் குப்புசாமி சாஸ்திரி. அதே குப்பு. குப்புசாமி நாயுடு, குப்புசாமி முதலியார், மூக்கையாத் தேவர், பிச்சையா பிள்ளை என்று தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். பெயரின் வேர் ஒன்று, அந்தப் பெயரை வைக்கவைத்த கண்ணீரும் ஒன்று. வேறுபாடு வாலில் இருக்கிறது. ஒருவருக்குப் பின்னால் சாமி, ஐயா என்று ஒரு வால், அதற்குப் பின்னால் சாதிப் பட்டம் என்று இன்னொரு வால். நம் தாத்தா வெறும் குப்பன். சாமியும் இல்லை, பட்டமும் இல்லை.

ஏன் சாமி இல்லை? பெயர் வைப்பவருக்கு ஒரு பெயர் ஒருநாள் வேலை. கூப்பிடுபவருக்கு அது தினமும் வேலை. பண்ணையாளுக்கு முனுசாமி என்று பெயர் இருந்தால், ஆண்டை ஒரு நாளைக்கு இருபது தடவை அவனைச் 'சாமி' என்று சொல்ல வேண்டியிருக்கும். கருப்பையா என்று இருந்தால் 'ஐயா' என்று சொல்ல வேண்டியிருக்கும். அதை ஊர்த்தெரு பொறுத்துக்கொள்ளவில்லை. தன் பெயர் முனுசாமிதான், ஆனால் ஊரில் முனியன்தான் என்று சொன்ன முதியவர்களை நாம் பல கிராமங்களில் பார்த்திருக்கிறோம். மாரிமுத்து மாரியானான், சின்னசாமி சின்னானானான், கருப்புசாமி கருப்பனானான். கூப்பிடும்போது அதுவும் மிஞ்சாது: டேய் குப்பா, டேய் மாரி. பத்து வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவரை இப்படிக் கூப்பிடுவான். கிழவர் அந்தப் பையனைச் 'சின்ன ஆண்டை' என்பார். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் அது கிழவரின் வாயில் வரக்கூடாது.

மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயத்தில் 31, 32 ஆகிய இரண்டு சுலோகங்கள் பெயர் வைப்பதைப் பற்றியவை. பிராமணக் குழந்தையின் பெயர் மங்கலத்தைக் குறிக்க வேண்டும், சத்திரியனுடையது வலிமையை, வைசியனுடையது செல்வத்தை. சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும், அதன் பின்னொட்டு ஏவலைக் குறிக்க வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் எரிக்கப்பட்ட நூல் இதுதான். இதை மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழத்தஞ்சைப் பண்ணையார் மனுவைப் படித்துவிட்டுப் பண்ணையாளின் பெயரை வெட்டவில்லை. அவருக்கு அந்தச் சுலோகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதப்பட்ட விதியை மட்டும் தேடினால் இந்த வரலாறு கையில் சிக்காது. வயல் வரப்பில், களத்துமேட்டில், டீக்கடை வாசலில் நாக்கால் நடத்தப்பட்ட சட்டம் இது.

பக்தி இலக்கியத்திலும் இதைப் பார்க்கலாம். நாம் நந்தனார் என்று சொல்லும் அடியாரைச் சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் 'திருநாளைப்போவார்' என்றுதான் குறிப்பிடுகிறார். தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். உள்ளே விடாததை வைத்தே ஒருவருக்குப் பெயர் வைத்து, அதற்கு முன்னால் 'திரு'வும் போட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்ட பெயர் காற்றோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அது காகிதத்தில் ஏறியது. கிராமக் கணக்கை எழுதியவர் கர்ணம், நம் ஊர்களில் கணக்குப்பிள்ளை. அந்தப் பரம்பரைப் பதவி 1980இல்தான் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அதுவரை நம்மவர்களின் பெயரை எழுதிய பேனா ஊர்த்தெருவில் இருந்தது. அந்தப் பேனா அம்மா வைத்த பெயரை எழுதவில்லை, தான் கூப்பிட்ட பெயரை எழுதியது. 'குப்பன் மகன் சின்னான்.' அவ்வளவுதான்.

இதனால் இன்று என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்களோடு தாலுகா ஆபீஸுக்கு வரலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைப்படி கொடுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்தை மீட்க மனுப்போடும் குடும்பம், பதிவேட்டில் உள்ள ஆள் தங்கள் தாத்தாதான் என்று நிரூபிக்க வேண்டும். பதிவேட்டில் சின்னான். மகனின் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் சின்னசாமி. ரேஷன் கார்டில் சின்னையன். குடும்பத்தின் ஒரு கிளை சர்ச்சுக்குப் போயிருந்தால் அங்கே சின்னப்பன். நான்கும் ஒரே ஆள்தான் என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஒரு ஊரில் மூன்று சின்னான்கள் இருந்திருப்பார்கள், நிலத்தை வளைத்தவரின் வக்கீல் அதில் வேறொரு சின்னானைக் காட்டுவார். வெட்டப்பட்டது ஒரு 'சாமி'தான். அதற்காகப் பேரன் மூன்று தலைமுறை கழித்து அலைகிறான். பட்டா வழக்குகளில் வேலை செய்பவர்கள் வாரிசுச் சான்றுக்குப் போகும் முன்பே இந்தப் பெயர்க் கணக்கைத் தெருப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெரியவர்கள் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் இரண்டு தோழர்கள் இறந்தார்கள். அவர்கள் பெயர் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று சர்ச்சுப் பெயர், மற்றது திருப்பதி மலையின் பெயர். ஒரே போராட்டம், ஒரே துப்பாக்கி. பெயர்ப் புத்தகங்கள் இவற்றை வேறு வேறு மதத்தின் கீழ் அச்சடிக்கும்.

ஊரின் நாக்கிலிருந்து தப்பிக்க ஒரே வழி ஊரை விட்டுப் போவது என்றும் ஒரு காலம் இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் அது. ஏறிய ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம் எழுதிய பதிவு இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குச் 'சாமி' என்றால் என்னவென்று தெரியாது. அங்கே முனுசாமி முனுசாமியாகவே இருக்க முடிந்தது. ஐரோப்பிய வழக்கப்படி குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டபோது, கப்பலேறிய பாட்டனின் ஒற்றைப் பெயரே பல குடும்பங்களுக்குக் குடும்பப் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் இன்றும் முன்சாமி, குப்பன், முனியன், பெருமாள் என்று குடும்பப் பெயர் உள்ள டாக்டர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். இங்கே பேரன் மறைக்கப் பார்க்கும் பெயர் அங்கே வீட்டு வாசலில் பலகையாகத் தொங்குகிறது. அங்கும் சாதி அடியோடு ஒழிந்துவிடவில்லை, நாயுடு, கவுண்டர் பட்டங்களும் கப்பலேறித்தான் போயின. இருந்தாலும் கூப்பிடுகிறவன் மாறினால் பெயர் என்ன ஆகிறது என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சாட்சி. கோலார் தங்கவயலுக்கும் பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் போனவர்களுக்கும் தங்கள் பெயரைத் தாங்களே முழுதாகச் சொல்லிப் பதியும் வாய்ப்பு, சிறிய அளவில், இப்படித்தான் கிடைத்தது.

அயோத்திதாசப் பண்டிதர் கதைக்கு வருவோம். பெயர் பற்றிய பேச்சில் இவரை விட்டுவிட்டு நகர முடியாது. 1845இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். கழுவேற்றப்பட்ட காத்தவராயனின் கதை நமக்குத் தெரியும். உயர்சாதிப் பெண்ணான ஆரியமாலையை விரும்பியதற்காகக் கொல்லப்பட்டுச் சாமியானவன். காத்தான், காத்தவராயன், மதுரைவீரன், முனியன், மாடன் என்று நம் தெருப் பையன்களுக்கு வைத்த சாமிப் பெயர்களில் பல, ஊரெல்லையில் நிற்கும் சாமிகளின் பெயர்கள். அவற்றில் சில, அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்தவர்களின் பெயர்கள். நாம் அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன், தண்டிக்கப்பட்டவனின் பெயரைத் தன் மகனுக்குத் துணிந்து வைத்தவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும்.

காத்தவராயன் தன் பெயரை மாற்றிக்கொண்டார். புதுப் பெயர் அயோத்திதாசர். பெயர்ப் புத்தகத்தில் தேடினால் 'அயோத்தியின் அடிமை' என்று பொருள் வரும். ராம பக்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அது அவருடைய ஆசிரியரின் பெயர். தமிழும் சித்த மருத்துவமும் கற்றுத் தந்த கவிராயர் அயோத்திதாசர் மீதிருந்த மதிப்பால் அந்தப் பெயரைத் தனதாக்கிக்கொண்டார். பறையரும் பஞ்சமரும் ஆதியில் பௌத்தர்களே என்று வாதாடினார். 1898இல் பௌத்தம் தழுவிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார், 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்தினார். பெயர்களை உடைத்து உடைத்து வரலாறு தேடிய மனிதர் அவர். ஆனாலும் அந்தப் பெயரை அவர் கழற்றவில்லை. 1914இல் அவர் இறந்த பிறகு 'தமிழன்' இதழைத் தொடர்ந்து நடத்திய மகனின் பெயர் பட்டாபிராமன்! பெயரைப் பார்த்து ஒருவரின் கொள்கையை அளக்கும் நம் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். அந்தப் பெயரில் அவர் சுமந்தது அயோத்தியை அல்ல, தனக்கு எழுத்துச் சொல்லித் தந்த ஒருவரை.

அதே தலைமுறையின் மற்ற இருவரையும் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன். எம்.சி. ராஜா, அதாவது மயிலை சின்னத்தம்பி ராஜா. 1883இல் பிறந்த ஒரு பறையர் வீட்டுப் பையனுக்கு 'ராஜா' என்று பெயர். அந்த ராஜாதான் 1922இல் சென்னை சட்டமன்றத்தில் பேசி, அரசாங்கப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுதவைத்தார். இருவர் பெயரிலும் தகப்பன் முன்னால் வருகிறார். இரட்டைமலை என்பது சீனிவாசனின் தகப்பன் பெயர். 

கிறித்தவத்துக்குப் போன குடும்பங்களில் நடந்தது வேறு கதை. அங்கே ஞானஸ்நானத் தொட்டியில் பெயர் மாறியது. கத்தோலிக்கரின் பழைய தமிழ்ப் பெயர்கள் அருமையானவை: அருளப்பன் என்றால் யோவான், இராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல். பவுல் என்ற சொல்லுக்கே சிறியவர் என்று பொருள், அதனால் சின்னப்பர். சவேரியார் பெயரில் சவரிமுத்து வந்தான். சின்னானுக்கும் சின்னப்பனுக்கும் நடுவில் உள்ள தூரத்தைச் சேரி உடனே புரிந்துகொண்டது. கூப்பிடுகிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் 'அப்பன்' என்று வந்துவிடும். சர்ச்சில் தனி வரிசை, கல்லறையில் தனி மூலை என்று சாதி பின்னாலேயே வந்தது, அதை இங்கே விரிக்க இடமில்லை.

ஆனால் 1950இல் அந்தப் பெயருக்கு ஒரு விலை வைக்கப்பட்டது. அந்த ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்கள் அல்லாதவர்களைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. அதனால் நம் ஊர்களில் ஒரே பையனுக்கு இரண்டு பெயர்: சான்றிதழில் குமார், கோயில் ஏட்டில் அந்தோணி. படிப்பு உதவித்தொகைக்கு ஒரு பெயர், கல்யாணத்துக்கு இன்னொரு பெயர். கல்லறைக் கல்லில் எதைப் பொறிப்பது என்று தகப்பன் செத்த வீட்டில் சண்டை நடந்ததைப் பார்த்திருக்கிறோம். இந்தக் குடும்பங்களை ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுபவர்கள், சாதி மட்டும் மதம் மாறாத நாட்டில் சலுகையை மட்டும் மதத்தோடு கட்டிவைத்தது யார் என்று முதலில் கேட்கட்டும்.

1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்துக்குப் போனவர்களின் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் முஸ்லிம் பெயர் உள்ளவரை ஊர் 'பாய்' என்று கூப்பிடும். அதில் 'டேய்' இல்லை.

சுயமரியாதை இயக்கம் பெயரில் கைவைத்தது 1929 செங்கல்பட்டு மாநாட்டில். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் வந்தது, ஈ.வெ.ரா.வும் நாயக்கர் பட்டத்தை விட்டார். இன்று ஒரு தமிழர் பெயரைக் கேட்டவுடன் சாதி தெரியாமல் இருப்பது இந்தியாவில் பெரிய விஷயம், அதற்கு இந்த இயக்கத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் உதறுவதற்குப் பட்டம் இருந்தவர்கள் உதறினார்கள். நம்மவர்களிடம் உதற ஒன்றும் இல்லை. நம் சாதி பெயருக்குப் பின்னால் பட்டமாக வரவில்லை, பெயருக்கு முன்னால் வசவாக வந்தது. பட்டம் போன பிறகும் வசவு ரொம்ப நாள் இருந்தது. எனவே நமக்கு அந்த இயக்கம் தந்த பெரிய கொடை பட்ட ஒழிப்பைவிடப் புதுப் பெயர்கள்தான் என்று நினைக்கிறோம். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தில் செழியன், வளவன், அன்பரசு, இளங்கோ எல்லாம் பொதுச்சொத்தாயின. அரசன் பெயரைச் சேரிப் பையனுக்கு வைத்தால் தடுக்க யாரிடமும் தனியுரிமை இல்லை. மாஸ்கோ, ரஷ்யா என்றெல்லாம்கூட அந்த இயக்கத்தில் பெயர் வைத்தார்கள். எந்தச் சாதிக்காரரும் உரிமை கொண்டாட முடியாத பெயர்கள்.

பட்டம் போன இடத்தில் உட்கார்ந்தது இனிஷியல். தகப்பன் பெயரின் முதலெழுத்து. இது சாதி தெரியாத நல்ல ஏற்பாடு என்று நாமும் மேடையில் சொல்வதுண்டு. ஆனால் கல்லூரியில் முதல் தலைமுறையாகச் சேர்ந்த பையன்களைக் கேளுங்கள். பெயர் கௌதம், இனிஷியல் கே. "கேன்னா என்ன?" என்று பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் கேட்கிறான். குப்பன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை, குமார் என்று சொல்லிவிடுகிறான். மகன் பெயரில் மறைந்த சாதி தகப்பன் பெயரில் காத்திருக்கிறது. நேர்காணல், வாடகை வீடு, பெண் கேட்டுப் போன வீடு என்று எங்கெல்லாம் முழுப் பெயர் கேட்கிறார்களோ அங்கெல்லாம் அவர்கள் உண்மையில் தேடுவது தாத்தாவை.

அதனால்தான் விடுதலைச் சிறுத்தைகள் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நடத்திய தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கம் மற்றப் பெயர் மாற்றங்களைப் போன்றதல்ல என்கிறோம். ஆயிரக்கணக்கானோர் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். திருமாவளவன் தன் தகப்பன் பெயரை மாற்றினார். ராமசாமி தொல்காப்பியனானார். 'தொல். திருமாவளவன்' என்று நாம் தினமும் சுவரொட்டியில் பார்க்கும் அந்தத் 'தொல்' அதுதான். தகப்பன் மகனுக்குப் பெயர் வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே மகன் தகப்பனுக்குப் பெயர் வைத்தார். இதில் நமக்குள் இரண்டு கருத்து உண்டு. பழைய பெயரை மாற்றுவது அந்தப் பெயரோடு வாழ்ந்தவரின் உழைப்பை மறைப்பதாகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. குப்பன் என்ற பெயரை அழித்தால் குப்பைமேட்டில் பிள்ளையைக் கிடத்தியவளின் கதையும் அழியும். ஆனால் அந்தப் பெயரோடு எழுபது வருஷம் டேய் போட்டுக் கூப்பிடப்பட்டவர்தான் அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும், ஆய்வு செய்யும் நாம் அல்ல.

அம்பேத்கர் பெயரும் இப்படி அமைந்த பெயர்தான். குடும்பப் பெயர் சக்பால். தகப்பன் ராம்ஜி பள்ளியில் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பதிந்தார். ஊர் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே. மராட்டியில் ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்துக்கொள்வது எல்லாச் சாதிக்கும் பொது. அம்படவேகர் எப்படி அம்பேத்கர் ஆயிற்று என்பதற்கு ஓர் ஆசிரியரின் கதை சொல்லப்படுகிறது, அதை மறுப்பவர்களும் உண்டு. அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர் யஷ்வந்த். இறந்த மகன்களில் ஒருவன் பெயர் ராஜரத்னா. நம் பாட்டிகளின் குப்பைமேட்டுக் கணக்கு அந்தப் பாரிஸ்டர் வீட்டிலும் இருந்தது. அவர் பிள்ளைக்குக் குப்பன் என்று வைக்கவில்லை, ராஜரத்னா என்று வைத்தார். இரண்டு பெயரும் பிள்ளையைக் காப்பாற்றவில்லை என்பதையும், இரண்டும் ஒரே ஆசையில் வைக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1990-91 நூற்றாண்டு விழாவுக்குப் பிறகு நம் தெருக்களில் அம்பேத்கர் என்றே பெயருள்ள பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். கூடவே சித்தார்த்தன், ராகுலன், அசோகன், பீமாராவ். இதில் ஒரு வேடிக்கை உண்டு. குப்பனைச் சாதி பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்றுதானே மாற்றினோம்? அம்பேத்கர் என்ற பெயரையும் அதே வேகத்தில் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் முன்னது ஊர் சுமத்தியது, பின்னது நாம் எடுத்து மாட்டியது. அந்தப் பெயரை மாட்டிய பையன் வகுப்பில் அடி வாங்கியும் இருக்கிறான். பெயருக்காகவே இன்னும் நன்றாகப் படித்தும் இருக்கிறான்.

இப்போதைய அலை வேறு. சேரியிலும் ஜோசியர் நட்சத்திர எழுத்து எழுதித் தருகிறார். அசுவினி என்றால் சு, சே, சோ, ல. ரோகிணி என்றால் ஓ, வ, வி, வு. எழுத்துக்குத் தகுந்தபடி லக்ஷித், விஹான் என்று தேடுகிறார்கள். பாட்டியால் கூப்பிட முடியாத பெயர், அவள் பாட்டுக்குக் 'குட்டி' என்று கூப்பிடுகிறாள். இதைக் கேலி செய்வது சுலபம், நம் மேடைகளில் நிறையவே செய்தாயிற்று. நாம் செய்யப்போவதில்லை. லக்ஷித் என்று வைக்கும் தகப்பனுக்குத் தெரியும், அந்தப் பெயரை வைத்து யாரும் தன் மகனின் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது என்று. வாடகை வீடு தேடி அலைந்தவருக்கு அது சின்ன விஷயமல்ல. நம் வருத்தம் ஜோசியரிடம் கையேந்துவதில்தான். நம் பாட்டன்களுக்கு ஊரெழுத்து இருந்தது, இப்போது நட்சத்திர எழுத்து. பெயரை நாமே வைக்கும் உரிமைக்காக இத்தனை தூரம் வந்துவிட்டு முதலெழுத்தை மட்டும் ஏன் இன்னொருவரிடம் கேட்க வேண்டும்?

சினிமாவும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய படங்களில் வில்லனின் கைத்தடிக்குத்தான் கபாலி என்று பெயர், அதட்டினால் கைகட்டி நிற்பான். 2016இல் பா. ரஞ்சித் அந்தப் பெயரைக் கதாநாயகனுக்கு வைத்து, அந்த வழக்கத்தைப் படத்திலேயே சொல்லி உடைத்தார். 2018இல் மாரி செல்வராஜ் தன் சட்டக் கல்லூரி மாணவனுக்குப் பரியேறும் பெருமாள் என்று பெயர் வைத்தார். பரியேறும் என்றால் குதிரை ஏறும். குதிரை ஏறி ஊர்வலம் போனதற்காகத் தலித் மாப்பிள்ளைகள் அடிபடும் நாட்டில் அந்தப் பெயர் போதும்.

நடைமுறை விஷயம் ஒன்று. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். அதற்கு மேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். ஆகவே அவசரம் இல்லை. ஆனால் பதியும்போது தகப்பன், தாய் பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் உள்ளபடி சரிபாருங்கள். நாளைய பட்டா வழக்கு இன்றைய எழுத்துப் பிழையில்தான் தொடங்குகிறது.

நம் படிப்பு வட்டத்து மாணவர்களுக்கு இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். உங்களையும் சேரச் சொல்கிறோம். ஒரு தாளில் நான்கு தலைமுறை ஆண்களின் பெயரை மேலிருந்து கீழே எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டம் போடுங்கள்: வீட்டில் அம்மா கூப்பிட்டது, ஊர்த்தெரு கூப்பிட்டது, காகிதத்தில் எழுதியது. இதுவரை வந்த தாள்களில், பையன்களின் வரிசையில் மூன்று கட்டத்திலும் பெரும்பாலும் ஒரே பெயர் இருக்கிறது. தாத்தாக்களின் வரிசையில் மூன்றும் வேறு வேறு. முதல் கட்டத்தை மட்டும் பலரால் நிரப்ப முடியவில்லை. அதைக் கேட்டுச் சொல்ல வீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருக்கிறார்கள்.